சர்வே எண்ணிலிருந்து தொடங்குங்கள்

ஏழாயிரம்பண்ணையிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். பட்டாசு ஆலை ஒன்றில் கணக்கப்பிள்ளை. தேர்தல் சமயத்தில் அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் சுற்றியிருக்கிறது. வேட்பாளர் ஒருவரின் சொத்து ஐந்து வருஷத்தில் இத்தனை மடங்கு கூடிவிட்டது என்று பெரிய எழுத்தில் போட்டிருந்ததாம். "அண்ணாச்சி, இதை வச்சு அவர் பதவியைக் காட்டிச் சம்பாதிச்சார்னு சொல்லலாமா? சொல்லக்கூடாதுன்னா வேற எதைப் பார்க்கணும்? சென்னைக்குப் போகாம, வக்கீல் வைக்காம எங்களால பார்க்க முடியுமா?" என்று கேட்கிறார்.

முதல் கேள்விக்குப் பதில், சொல்லக்கூடாது தம்பி. மூன்றாவதற்குப் பதில், தாராளமாக முடியும். நடுவில் உள்ள கேள்விக்குத்தான் கொஞ்சம் விரிவாகப் பேசவேண்டும்.

மடங்குக் கணக்கு ஏன் உதவாது என்பதைப் பார்த்துவிடுவோம். வேட்புமனுவோடு தரும் உறுதிமொழிப் பத்திரத்தில் நிலத்துக்கு வாங்கிய விலையையும் எழுதவேண்டும், இன்றைய சந்தை மதிப்பையும் எழுதவேண்டும். மொத்தத் தொகையை ஏற்றிக் காட்டுவது சந்தை மதிப்பு. தாத்தா விட்டுப்போன கரிசல் காட்டுக்குப் பக்கத்தில் ஒரு சாலை வந்தால், அந்த மனிதர் ஒரு சென்ட் வாங்காமலேயே மூன்று மடங்கு ஆகிவிடுவார். நகையும் அப்படித்தான். அதே சமயம், மொத்தச் சொத்து குறைந்துபோன இன்னொருவருடைய மனைவி பங்குதாரராக இருக்கும் நிறுவனம் நம் ஒன்றியத்துச் சாலைகளை வரிசையாக எடுத்துச் செய்துகொண்டிருக்கலாம். மடங்குப் படத்தில் முதல் ஆள் குற்றவாளி, இரண்டாமவர் உத்தமர். அந்தப் படத்தை அனுப்பிக்கொண்டிருக்கும் வரை இரண்டாமவருக்கு எந்தக் கவலையும் இல்லை.

தொகையைக் கடைசியில் பாருங்கள். அவருடைய சொத்து எந்த ஊரில், எந்தத் தொழிலில், யாரோடு கூட்டாக இருக்கிறது, அதை அரசின் எந்த முடிவு தொடுகிறது, அந்த முடிவில் அவருக்குக் கை உண்டா என்று பாருங்கள். இவை ஒரே இடத்தில் சந்தித்தால் அங்கே நலன் முரண் இருக்கிறது. இருப்பது மட்டுமே குற்றம் ஆகாது. பட்டாசு ஆலை வைத்திருப்பவர் எம்.எல்.ஏ. ஆகலாம், கல்குவாரி வைத்திருப்பவரும் ஆகலாம். அதை மறைத்துவிட்டுப் பட்டாசு ஆலைச் சோதனை பற்றியும் குவாரிக் கட்டுப்பாடு பற்றியும் பேசினால், ஓட்டுப் போட்டவருக்கு அது துரோகம்.

வருமானத்துக்கு மீறிய சொத்து வழக்கு என்று பத்திரிகையில் படிப்பது வேறு விவகாரம். அதை லஞ்ச ஒழிப்புத் துறை பார்க்கும். நம் விருதுநகர் மாவட்டத்திலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. கே.கே.எஸ்.எஸ்.ஆர். ராமச்சந்திரன், தங்கம் தென்னரசு இருவர் மீதும் 2006-11 அமைச்சர் காலத்தை வைத்து வழக்குப் பதிவானது. ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. 2024 ஆகஸ்ட் 7-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அந்த விடுவிப்பை ரத்து செய்ய, அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. யார் பக்கம் நியாயம் என்று தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை. நான் சொல்ல வருவது காலக் கணக்கு: 2011-க்கு முந்தைய சொத்தைப் பற்றி 2024-லும் வாதம் நடந்தது. அந்த வழியையே நம்பி உட்கார்ந்தால் ஒரு தலைமுறை போய்விடும். நலன் முரணைக் கண்டுபிடிக்கப் போலீஸ் வேண்டாம். ஆவணம் படிக்கத் தெரிந்தால் போதும், கணக்கப்பிள்ளைக்கு அது தெரியும்.

படிக்கவேண்டிய அந்த உறுதிமொழிப் பத்திரத்துக்குப் பெயர் படிவம் 26. அது சும்மா வந்துவிடவில்லை. ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் 1999-ல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2002 மே 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், வேட்பாளரின் சொத்தையும் கடனையும் வழக்குகளையும் அறிவது வாக்காளரின் உரிமை என்று தீர்ப்புச் சொன்னது. அதை நீர்த்துப்போகச் செய்ய நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டப் பிரிவை 2003 மார்ச்சில் அதே நீதிமன்றம் செல்லாது என்றது. கட்டங்களை வெறுமையாக விட்டால் மனுவைத் தள்ளலாம் என்று 2013-ல் ஒரு தீர்ப்பு. 2018 பிப்ரவரி 16-ல் லோக் பிரஹரி வழக்கில், சொத்தை மட்டும் சொன்னால் போதாது, வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதையும் வேட்பாளர் சொல்லவேண்டும் என்றார்கள். ஒவ்வொரு கட்டமும் யாரோ நீதிமன்றப் படி ஏறி வாங்கிக் கொடுத்தது. நாம் அதை மடங்குப் படமாக்கிவிட்டுப் போகிறோமே என்பதுதான் என் வருத்தம்.

தேர்தல் ஆணையத்தின் வேட்பாளர் உறுதிமொழித் தளத்தில் இந்தப் பத்திரம் ஸ்கேன் செய்த நிலையில் கிடைக்கும். தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் பழைய தேர்தல்களின் பத்திரங்களும் இருக்கின்றன. மைநேதா தளத்தில் தட்டச்சு செய்த சுருக்கம் கிடைக்கும். சுருக்கத்தை வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள், மூலத்தைப் படியுங்கள். சாத்தூர் தொகுதிக்காரர்களுக்கு ஒரு வசதியும் இருக்கிறது. 2016-ல் ஜெயித்தவர் 2017-ல் தகுதிநீக்கம் செய்யப்பட்ட 18 எம்.எல்.ஏ.க்களில் ஒருவர் என்பதால் 2019 ஏப்ரலில் இங்கே இடைத்தேர்தல் நடந்தது. 2016, 2019, 2021 என்று ஐந்தே வருஷத்தில் மூன்று தடவை வேட்பாளர்கள் கணக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஒருவரே இரண்டு தடவை நின்றிருந்தால் இரண்டு பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். தோற்றவர்களுடையதையும் விடாதீர்கள். இன்று தோற்றவர் நாளை வாரியத் தலைவராகலாம்.

இனி கட்டம் கட்டமாகப் போகவேண்டாம். எனக்கு முக்கியம் என்று படுகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

அசையாச் சொத்துப் பகுதியில் ஒவ்வொரு நிலத்துக்கும் சர்வே எண், பரப்பு, பூர்விகமா வாங்கியதா, வாங்கிய தேதி, வாங்கிய விலை எல்லாம் இருக்கும். பலர் விலையைப் பார்ப்பார்கள்; நீங்கள் தேதியைப் பாருங்கள். பதவியில் இருந்த காலத்துக்குள் விழும் தேதிகளை மட்டும் தனித் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு நானே ஒன்று எழுதிக் காட்டுகிறேன்: "புன்செய், சர்வே எண் 214/3பி, 2.40 ஏக்கர், சுய கிரையம்." இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்று கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன்.

அடுத்து கடன் பகுதி. எல்லாரும் தாண்டிப் போகிற இடம் இதுதான், எனக்கோ இதுதான் முதல் இடம். வங்கிக் கடனில் பெரும்பாலும் சிக்கல் இருக்காது. தனிநபரிடமோ நிறுவனத்திடமோ வாங்கிய கைமாற்று இருந்தால் கொடுத்தவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் யார்? ஒப்பந்ததாரரா, ஆலை முதலாளியா, தியேட்டர்காரரா? பட்டாசுத் தொழிலில் வியாபாரி முன்பணம் கொடுப்பது ஊரறிந்த வழக்கம். ஆலை வைத்திருப்பவருடைய பத்திரத்தில் அப்படி ஒரு கடன் இருந்தால் அதில் வியப்பில்லை. தொழிலே இல்லாத ஒருவருக்கு ஒரு ஒப்பந்த நிறுவனம் லட்சக்கணக்கில் கடன் கொடுத்திருந்தால் ஏன் கொடுத்தது என்று கேட்கலாம். அவர் பிறருக்குக் கொடுத்த கடனும் அசையும் சொத்துப் பகுதியில் வரும். அதையும் அதே கண்ணால் பாருங்கள்.

தொழில் என்ற கட்டத்துக்குப் பின்னால் வருமான மூலமும் அரசு ஒப்பந்தங்களும் கேட்கப்பட்டிருக்கும். தனக்கு, மனைவிக்கு, தன்னைச் சார்ந்தவர்களுக்கு, தங்களுக்குப் பங்குள்ள அறக்கட்டளைக்கு, கூட்டாண்மை நிறுவனத்துக்கு, தனியார் கம்பெனிக்கு அரசோடு ஒப்பந்தம் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார்கள். "விவசாயம்", "சமூக சேவை" என்று எழுதிவிட்டு, ஒப்பந்தக் கட்டங்களில் வரிசையாக "இல்லை" போட்டிருந்தால் அந்த "இல்லை"யைத்தான் நீங்கள் சோதிக்கப் போகிறீர்கள். 2019 பிப்ரவரியிலிருந்து ஐந்து வருஷ வருமானவரிக் கணக்கில் காட்டிய வருமானத்தையும் எழுதவேண்டும். வருமானம் வருஷத்துக்கு நாலு லட்சம், அதே காலத்தில் வாங்கிய நிலம் நாற்பது லட்சம் என்றிருந்தால், இடையில் கடனோ விற்பனையோ சொத்துப் பிரிவினையோ இருக்கவேண்டும். அது பத்திரத்திலேயே இருக்கிறதா என்று தேடுங்கள். பல சமயம் இருக்கும். இருந்தால் அதோடு விட்டுவிடுங்கள்.

பத்திரத்தின் பெரிய ஓட்டை "சார்ந்தவர்" என்ற சொல்லுக்குள் இருக்கிறது. தனி வருமானம் இல்லாமல் வேட்பாளரை நம்பியிருப்பவரே சார்ந்தவர். தனித் தொழில் வைத்திருக்கும் மகன் சார்ந்தவர் இல்லை. அண்ணன் தம்பி, மச்சான், மாப்பிள்ளை, சம்பந்தி யாருமே பொதுவாக இதில் வரமாட்டார்கள். இதை ஏழாயிரம்பண்ணைக்காரருக்கு விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி அச்சன்குளத்தில் வெடித்து இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன ஆலையில், உரிமம் ஒருவர் பெயரில் இருந்தது, உள்ளே குத்தகைக்கு எடுத்து நடத்தியவர்கள் வேறு ஆட்களாக இருந்தார்கள். பேர் ஒருத்தர், தொழில் ஒருத்தர். உள்குத்தகை என்ன செய்யும் என்று உயிரைக் கொடுத்துத் தெரிந்துகொண்ட ஊர் அது. அரசியல்வாதியின் சொத்தையும் அதே உள்குத்தகைக் கண்ணோடு பார்க்கவேண்டும்: காகிதத்தில் யார், காசு போய்ச் சேரும் இடம் யார்.

இப்போது 214/3பி-க்கு வருவோம். தமிழ்நாடு அரசின் இணையவழி நிலப் பதிவுத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம் தேர்ந்தெடுத்து சர்வே எண் கொடுத்தால் பட்டாவும் அ-பதிவேடும் திறக்கும். வட்டம் என்னும் இடத்தில் தடுமாறாதீர்கள். பழைய பத்திரத்தில் சாத்தூர் அல்லது சிவகாசி வட்டம் என்று எழுதியிருக்கும் கிராமம் இன்று வெம்பக்கோட்டை வட்டத்தில் இருக்கலாம். பரப்பு ஹெக்டேரில் இருக்கும், 2.47 ஏக்கர் ஒரு ஹெக்டேர். 2.40 ஏக்கர் என்றால் ஏறக்குறைய 0.97 ஹெக்டேர் வரவேண்டும். பெயருக்குப் பக்கத்தில் தகப்பனார் பெயர் இருக்கிறதா, கூட்டுப் பட்டா என்றால் கூடவே யார் யார் என்று பாருங்கள். நலன் முரண் தேடுகிறவருக்கு அந்தக் கூட்டுப் பெயர்கள் மொத்தத் தொகையைவிடப் பெரிய செய்தி. 214/3பி இல்லவே இல்லை என்று தளம் சொன்னால் உடனே பொய் என்று முடிவு கட்டாதீர்கள். உட்பிரிவு மாறியிருக்கலாம், 214/3 என்று தொடங்கும் எல்லாவற்றையும் திறந்து பாருங்கள்.

பட்டா இன்றைய நிலையைச் சொல்லும். போய்வந்த கதையைச் சொல்வது வில்லங்கச் சான்று. பதிவுத் துறைத் தளத்தில் சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண், காலம் கொடுத்தால் யார் யாருக்கு எந்தத் தேதியில் எழுதிக் கொடுத்தார், கிரையத் தொகை என்ன, அடமானம் உண்டா எல்லாம் வரும். பார்ப்பது இலவசம், சான்றிட்ட நகலுக்குத்தான் கட்டணம். அங்கே பெயரைப் போட்டு ஒருவருடைய எல்லா நிலத்தையும் தேட முடியாது, சொத்தைப் போட்டுத்தான் தேட முடியும். அதனால்தான் உறுதிமொழிப் பத்திரத்தில் வரும் சர்வே எண் தங்கம் போன்றது என்கிறேன். சாலைக்கோ தொழிற்பேட்டைக்கோ நிலம் எடுக்கப் போகிறார்கள் என்றால் அரசிதழ் அறிவிப்பில் சர்வே எண்கள் வரும். அந்த எண்களுக்கும் அதை ஒட்டியவற்றுக்கும் அறிவிப்புக்கு முந்தைய இரண்டு வருஷ வில்லங்கம் பாருங்கள். ஊரார் யாருக்கும் தெரியாத நேரத்தில் யார் வாங்கினார்கள் என்பது அதில் கிடக்கும். தேர்தலுக்குப் பிறகு வாங்கியதும் இப்படித்தான் வெளியே வரும், ஏனென்றால் பத்திரம் தாக்கல் செய்த நாளோடு நின்றுவிடுகிறது.

தொழிலைத் தேடுவது நிலத்தைவிடச் சுலபம் என்றும் சொல்லலாம், கஷ்டம் என்றும் சொல்லலாம். தனியார் கம்பெனி என்றால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் இயக்குநர்கள் பெயர் இருக்கும். ₹100 கட்டினால் அந்தக் கம்பெனி தாக்கல் செய்த ஆவணங்களைத் திறந்து பங்குதாரர் பட்டியல்வரை பார்க்கலாம். ஆனால் நம் பக்கத்து ஆலைகளில் நிறைய, தனி உரிமையாளர் அல்லது கூட்டாண்மை. கூட்டாண்மை பதிவு செய்யப்பட்டிருந்தால் பதிவேட்டை எவரும் கட்டணம் செலுத்திப் பார்க்க 1932 ஆம் வருஷத்துச் சட்டமே இடம் தருகிறது. பதிவே செய்யாதவையும் உண்டு. அங்கேதான் ஜி.எஸ்.டி. எண் கைகொடுக்கும். பில்லின் தலைப்பில் 33 என்று தொடங்கும் பதினைந்து எழுத்து எண்ணை எடுத்து ஜி.எஸ்.டி. தளத்தின் தேடுபெட்டியில் போடுங்கள். கணக்கு, கடவுச்சொல் எதுவும் வேண்டாம். வணிகப் பெயர் ஒன்று வரும், சட்டப்படியான பெயர் ஒன்று வரும். சாமி பெயரில் ஓடும் ஆலைக்கு, தனி உரிமையாளர் நிறுவனம் என்றால், அந்த இரண்டாவது பெயர் ஒரு மனிதருடையதாக இருக்கும். கணக்கப்பிள்ளை கையில் தினமும் எத்தனை பில் புரளும்!

ஒரு எச்சரிக்கை, தம்பி. வேலை பார்க்கும் ஆலையின் உள் கணக்கை எடுத்து வெளியே கொடுக்காதீர்கள். அது வேறு வம்பு, பிழைப்பும் போகும். கடைத்தெருவில் யாருக்கும் கிடைக்கிற பில், ஆலை வாசலில் எழுதியிருக்கும் உரிம எண், இவையே போதும். அது நாக்பூர் உரிமமா, சென்னை உரிமமா, மாவட்ட வருவாய் அலுவலர் (டி.ஆர்.ஓ.) தந்த உரிமமா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்த அலுவலகத்தில் கேட்கவேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது. வெடிபொருள் சட்டம் மத்திய அரசுடையது என்றாலும், தடையில்லாச் சான்று, டி.ஆர்.ஓ. உரிமம், தொழிலகப் பாதுகாப்புச் சோதனை, தீயணைப்புத் துறை எல்லாம் மாநிலத்தின் கையில். எம்.எல்.ஏ.வின் சொல்லுக்கு எடை இருக்கும் இடங்கள் இவை.

குவாரிக்கு இன்னொரு வழி இருக்கிறது. சுற்றுச்சூழல் அனுமதி விண்ணப்பங்கள் பரிவேஷ் என்ற மத்திய அரசுத் தளத்தில் ஏறுகின்றன. விண்ணப்பதாரர் பெயர், கிராமம், சர்வே எண் எல்லாம் இருக்கும். அந்தச் சர்வே எண்ணோடு மறுபடி வில்லங்கத்துக்குப் போகலாம்.

அரசுப் பணம் போகும் பக்கத்தையும் பார்க்கவேண்டும். தொகுதி மேம்பாட்டு நிதி வருஷத்துக்கு ₹3 கோடி. எந்த வேலை என்று பரிந்துரைப்பவர் எம்.எல்.ஏ.; நிறைவேற்றுவது மாவட்ட ஊரக வளர்ச்சி முகமை வழியாக. பெரிய வேலைகளின் டெண்டர்கள் தமிழ்நாடு அரசின் ஒப்பந்தப்புள்ளித் தளத்தில் இருக்கும். யாருக்குக் கிடைத்தது என்பதற்குத் தகவல் உரிமை மனுதான் வசதி. பத்து ரூபாய், முப்பது நாள். மனுவில் ஆளைப் பற்றிக் கேட்காதீர்கள், வேலையைப் பற்றிக் கேளுங்கள். "எம்.எல்.ஏ.வின் மைத்துனருக்குக் கொடுத்த ஒப்பந்தங்கள் எவை" என்று எழுதினால் தனிநபர் தகவல் என்று திருப்பி அனுப்புவார்கள். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் அந்த விலக்கை இன்னும் அகலமாக்கி எழுதியிருக்கிறது. இப்படி எழுதிப் பாருங்கள்:

"சாத்தூர் சட்டமன்றத் தொகுதி மேம்பாட்டு நிதியில் 2021-22 முதல் இன்றுவரை எங்கள் ஊராட்சி ஒன்றியத்தில் எடுக்கப்பட்ட ஒவ்வொரு பணிக்கும் பணியின் பெயர், ஊர், மதிப்பீட்டுத் தொகை, ஒப்பந்தப்புள்ளி கொடுத்தவர்கள் அனைவரின் பெயர் மற்றும் தொகை, பணி வழங்கப்பட்ட ஒப்பந்ததாரர் அல்லது நிறுவனத்தின் பெயர், வேலை உத்தரவு எண், தேதி, இதுவரை வழங்கிய தொகை ஆகிய விவரங்களையும், வேலை உத்தரவுகளின் நகல்களையும் தரவும்."

டெண்டர் போட்டவர்கள் அனைவரின் பெயரையும் கேட்பது வெறும் ஒழுங்குக்காக இல்லை. மூன்று பேர் போட்டியிட்டு மூவரும் ஒரே வீட்டு ஆட்களாக இருந்த கதையெல்லாம் ஒப்பந்த உலகில் புதிதில்லை.

இவ்வளவும் சேர்த்துவிட்டால் சட்டம் உடனே பாயுமா என்று கேட்பீர்கள். பாயாது. ஏன் என்று தெரிந்துகொண்டு இறங்கினால்தான் பாதியில் மனசு விட்டுப்போகாது.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 9ஏ பிரிவு, அரசுக்குப் பொருள் வழங்கவோ அரசு வேலையைச் செய்யவோ நடப்பில் ஒப்பந்தம் வைத்திருப்பவரைத் தகுதிநீக்கம் செய்கிறது. கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் ஒப்பந்தம் அவரே செய்ததாக இருக்கவேண்டும்; தம்பி செய்தால் வராது. எம்.எல்.ஏ.வுக்கு மாநில அரசோடு செய்த ஒப்பந்தம்தான் கணக்கு. ரயில்வே வேலை எடுத்தால் வராது. வேலையை முடித்துக் கொடுத்து, பில் பணம் மட்டும் பாக்கி என்றாலும் ஒப்பந்தம் முடிந்ததாகவே சட்டம் கொள்ளும். உரிமம் ஒப்பந்தமே ஆகாது என்பதால் பட்டாசு உரிமம் இதற்குள் வராது. கல்குவாரிக் குத்தகையும் அரசு வேலையைச் செய்யும் ஒப்பந்தம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1964-லும் 2001-லும் சொல்லியிருக்கிறது. ஜார்க்கண்டில் ஹேமந்த் சோரன் முதலமைச்சராகவும் சுரங்கத் துறையைக் கையில் வைத்திருந்தவராகவும் இருந்தபோது 2021-ல் அவர் பெயரிலேயே 0.88 ஏக்கர் கல்குவாரிக் குத்தகை வழங்கப்பட்டது. புகார் ஆளுநருக்குப் போய், தேர்தல் ஆணையம் 2022 ஆகஸ்டில் தன் கருத்தை அனுப்பியது. ஆளுநர் மாளிகை அதை அப்போது வெளியிடவில்லை. அவர் பதவியும் போகவில்லை.

நம் மாநிலத்தில் இதைவிடப் பெரிய பாடம் டான்சி வழக்கு. டான்சி, மாநில அரசின் சிறுதொழில் நிறுவனம். கிண்டியில் அதற்கிருந்த நிலத்தையும் கட்டடத்தையும் 1992-ல் ஜெயா பப்ளிகேஷன்ஸ் வாங்கியது. அதன் பங்குதாரர்கள் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதாவும் வி.கே. சசிகலாவும். விற்கிற அரசின் தலைமையில் இருந்தவரே வாங்குகிற பக்கத்திலும் இருந்தார். 2000 அக்டோபர் 9-ல் தனி நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. 2001 டிசம்பர் 4-ல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. 2003 நவம்பர் 24-ல் உச்ச நீதிமன்றம் விடுதலையை உறுதிசெய்தது. அமைச்சர்கள் அரசுச் சொத்தை வாங்கக்கூடாது என்ற நடத்தை விதி அப்போது இருந்தது. ஆனால் அந்த விதிக்குச் சட்டத்தின் பலம் இல்லை, மீறியதற்காகக் குற்றவாளி என்று தண்டிக்க முடியாது என்பது தீர்ப்பு. அதே நீதிபதிகள், மனசாட்சிக்குப் பரிகாரமாக நிலத்தை அரசிடமே திருப்பிக் கொடுக்கவேண்டும் என்றும் சொன்னார்கள். தண்டிக்கச் சட்டம் இல்லாத இடத்தில் நாட்டின் உச்ச நீதிமன்றமே மனசாட்சியிடம் பேசவேண்டியிருந்தது. இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தப் பள்ளம் அப்படியே இருக்கிறது.

பக்கத்து மாநிலத்தில் நிலைமை கொஞ்சம் தேவலை. கர்நாடகத்தில் எம்.எல்.ஏ.க்கள் வருஷாவருஷம் லோக் ஆயுக்தாவிடம் சொத்துக் கணக்குக் கொடுக்கவேண்டும் என்று சட்டமே இருக்கிறது. கொடுக்காதவர்கள் பெயர் பத்திரிகையில் வரும். பீகாரில் அமைச்சர்களின் சொத்துப் பட்டியலை அரசே வருஷக் கடைசியில் தளத்தில் ஏற்றுகிறது. மாநிலங்களவையில் உறுப்பினர் நலன் பதிவேடு உண்டு: இயக்குநர் பதவி, சம்பளம் வரும் வேலை, கட்டுப்படுத்தும் அளவு பங்கு, ஆலோசனைப் பணி, தொழில்முறை ஈடுபாடு என்று ஐந்து தலைப்பு. பிரிட்டன் நாடாளுமன்றத்தில் புது வருமானமோ பங்கோ வந்தால் 28 நாளுக்குள் பதிவேட்டில் ஏற்றவேண்டும், எவரும் படிக்கலாம். தமிழ்நாட்டில் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை வரும் வேட்புமனுப் பத்திரத்தைத்தான் நாம் பிடித்துத் தொங்கவேண்டியிருக்கிறது. இதை மாற்றுங்கள் என்று கேட்காத ஒரு வேட்பாளர்கூட நம் ஊர்ப் பக்கம் ஓட்டுக் கேட்டு வரக்கூடாது என்பது என் ஆசை.

நீங்கள் கண்டதை எங்கே கொண்டுபோவது? முதலில் அவரிடமே. இதை நான் அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. ஆவண எண்ணைப் போட்டு மரியாதையாக ஒரு கடிதம்: "ஐயா, உங்கள் பத்திரத்தில் இந்த நிறுவனம் இல்லை, ஜி.எஸ்.டி. தளத்தில் உங்கள் துணைவியார் பெயர் இருக்கிறது, விளக்குங்கள்." பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வையுங்கள். பாதிச் சந்தேகம் இங்கேயே தீரும். நம் பக்கம் ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள். தகப்பனார் பெயரும் ஊரும் பொருந்தாமல் ஒரு பெயரை மட்டும் வைத்து முகநூலில் போட்டால், அவதூறு வழக்கில் நிற்கப்போவது நீங்கள்; கெட்டுப்போவது ஒரு நல்ல கேள்வி.

பத்திரத்தில் தெரிந்தே மறைத்ததாகவோ பொய் சொன்னதாகவோ ஆவணம் காட்டினால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஏ பிரிவு இருக்கிறது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பொய்ப் பத்திரப் புகாரைக் குற்றவியல் நீதிமன்றத்தில் நேரடியாகக் கொடுக்கலாம். சின்னச் சின்ன விடுபடலுக்கு இது ஓடாது. வேட்பாளர் தன் ஒவ்வொரு பொருளையும் எழுதவேண்டியதில்லை, மதிப்பு மிக்கது விடுபட்டால்தான் பிரச்சினை என்று 2024 ஏப்ரல் 9-ல் உச்ச நீதிமன்றம் அருணாசலப் பிரதேச வழக்கு ஒன்றில் சொல்லியிருக்கிறது. நடப்பு அரசு ஒப்பந்தம் அவர் பெயரிலேயே இருந்தால் அரசியலமைப்பின் 192-ஆம் பிரிவின்படி ஆளுநருக்கு எழுதலாம்; ஆளுநர் தேர்தல் ஆணையத்தின் கருத்தைக் கேட்டுத்தான் முடிவெடுக்கவேண்டும். பதவியைப் பயன்படுத்தி ஆதாயம் பார்த்ததற்கு ஆவணம் இருந்தால் விருதுநகர் லஞ்ச ஒழிப்புப் பிரிவும் தமிழ்நாடு லோக் ஆயுக்தாவும். ஜெயித்தது செல்லாது என்று கேட்பதானால் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு. அதைத் தொகுதி வாக்காளர் எவரும் போடலாம். ஆனால் முடிவு அறிவித்த நாளிலிருந்து 45 நாள்தான் அவகாசம். நாற்பத்தாறாம் நாள் எவ்வளவு நல்ல ஆதாரத்தோடு போனாலும் கதவு திறக்காது. அதற்குத்தான் வக்கீல் வேண்டும், செலவும் ஆகும்.

ஆகவே இந்த வேலையை வேட்புமனு வாங்கும் நாளிலேயே தொடங்குங்கள். பரிசீலனை முடிவதற்குள் முக்கிய வேட்பாளர்களின் பத்திரங்களை இறக்கிக்கொள்ளுங்கள். பதவிக் காலத்தில் வாங்கியவற்றின் சர்வே எண்கள், கைமாற்றுக் கொடுத்தவர்களின் பெயர்கள், நிறுவனப் பெயர்கள் என்று மூன்று பட்டியல் எழுதுங்கள். நிலத்தை ஒருவர், ஜி.எஸ்.டி.யை ஒருவர், தகவல் உரிமை மனுவை ஒருவர் என்று உங்கள் நண்பர்களிடம் பிரித்துக் கொடுங்கள். திரையில் பார்த்த ஒவ்வொரு பக்கத்தையும் தேதியோடு அச்செடுத்து வையுங்கள், ஏனென்றால் பட்டா நாளைக்கே வேறு பெயருக்கு மாறலாம்.